சமூகத்தின் உள்ளிருந்தே குரல் கொடுத்த அறிஞர் சித்திலெப்பை

தாம் பிறந்து வளர்ந்த சமூகத்தின் குறைகளைக் காண்பவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் வீண் வம்பு எதற்கென்று மௌனமாகி விடுகின்றனர். சிலர் மனம் கசந்து விலகிச் சென்று, அப்பால் நின்று கல்லெறிகின்றனர். விலகிச் செல்லவும் மனமின்றி, வாய்மூடி இருக்கவும் இயலாமல், தொழுகை வரிசையில் தம் பக்கத்தில் நிற்பவரிடமே குறையை எடுத்துரைத்து, அதைத் திருத்தும் பணியையும் தாமே சுமந்துகொள்பவர்கள் மிகச் சிலரே. அத்தகையோரை அவர்கள் வாழுங் காலத்தில் சமூகம் ஐயத்தோடு நோக்குகிறது. மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர் விழா எடுத்துக் கௌரவிக்கிறது. கண்டி மண் தந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மலையகத்தில் வாழும் தமிழ் பேசும் மக்கள், அவர்கள் முஸ்லிம்களாயினும் தோட்டத் தொழிலாளர் வழிவந்தோராயினும், இப்பெரியாரின் வாழ்வை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி கண்டியிற் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகி வந்த காலம் அது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தொழிலாளர்கள் கூட்டங் கூட்டமாகக் கால்நடையாகவே மலையேறினர். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் உப்பும் துணியும் விற்கும் கடைகள் மலையகப் பட்டினங்களில் எழுந்தன. அவற்றுட் பலவற்றை நடத்தியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். தோட்டத்து லயத்திற்கும் பட்டினத்துக் கடைவீதிக்கும் இடையிலான உறவு தமிழ் மொழியிலேயே வளர்ந்தது.

இத்தகைய வணிகச் சூழலிலே சித்திலெப்பையின் குடும்பம் சற்று மாறுபட்டிருந்தது. அவருடைய தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதலாவது சட்டத்தரணி என அறியப்படுபவர். மைந்தரும் அத்துறையையே நாடினார். அறபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த அவர் 1862 இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும், 1864 இல் உயர் நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகப் பதிவு பெற்றார். கண்டி மாநகர சபை உறுப்பினராகவும் நீதவானாகவும் பணியாற்றும் வாய்ப்பும் அவரை வந்தடைந்தது. செல்வமும் செல்வாக்கும் ஆட்சியாளரின் மதிப்பும் ஒருங்கே வாய்த்த அவர், அந்த நிலையிலேயே நிம்மதியாகத் தம் காலத்தைக் கழித்திருக்கலாம்.

எனினும் நீதிமன்றத்திலே நின்று தம் மக்களின் நிலையைக் கண்டவர் அவர். ஆட்சியும் சட்டமும் வணிகமும் ஆங்கில மொழிக்கு மாறிவிட்ட ஒரு நாட்டில், உறுதிப் பத்திரத்தையும் அரசாங்கக் கடிதத்தையும் படித்தறிய மற்றவரை நாட வேண்டிய நிலையில் இருந்த ஒரு சமூகத்தின் எதிர்காலம் அவரைக் கவலைகொள்ளச் செய்ததில் வியப்பில்லை. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பிச் செய்கையை அழிவுக்குக் கொண்டு சென்றது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மலைநாட்டின் பொருளாதாரம் முழுவதும் ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியபோது, எழுத்தறிவும் மொழியறிவும் பெற்றவர்களுக்கே புதிய வாய்ப்புகள் கிட்டின.

அக்காலத்து முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கியதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிசனரிமாரால் நடத்தப்பட்டவை. கல்வியோடு மத மாற்றமும் அவர்களது நோக்கமாக இருந்தமை ஒளிவு மறைவான செய்தியன்று. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் ஒடுக்குமுறையைத் தாங்கி நின்று ஈமானைக் காத்த ஒரு சமூகம், பிள்ளைகளை அங்கே ஒப்படைக்க அஞ்சியதிலே நியாயம் உண்டு. பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்றனர். அறபு எழுத்திலே தமிழை எழுதும் அறபுத் தமிழையும் கற்றனர். அவ்வளவோடு கல்வி நின்றது.

அந்த அச்சத்தை எதிர்கொண்ட முறையிலேதான் சித்திலெப்பையின் தனித்தன்மை விளங்குகிறது. மிசனரிப் பாடசாலையே போதும், அங்கே அனுப்புங்கள் என்று தம் மக்களை அவர் நிர்ப்பந்திக்கவில்லை. மார்க்கக் கல்வி பயனற்றது என்று இகழவுமில்லை. அறிவைத் தேடுவதை ஆண், பெண் இருபாலாருக்கும் கடமையாக்கிய மார்க்கம் இஸ்லாம் என்பதை எடுத்துக்காட்டி, அக்கடமையைச் சமூகம் மறந்துவிட்டது என்றே வாதிட்டார். வெளியார் தந்த அளவுகோலைக் கொண்டு அளக்காமல், சமூகம் தானே ஏற்றுப் போற்றும் அளவுகோலைக் கொண்டு அதனை அளந்தார். இதனால் அவருடைய விமர்சனத்துக்கு மறுமொழி கூறுவது எளிதாக இருக்கவில்லை.

1882 டிசம்பரில் அவர் முஸ்லிம் நேசன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கை முஸ்லிம்களின் இதழியல் வரலாற்றிலே இது ஒரு தொடக்கப் புள்ளி. உலக முஸ்லிம்களின் செய்திகளையும், உள்ளூர் நிலைமைகளையும், கல்வியின் இன்றியமையாமையையும் அது வாரந்தோறும் மக்களிடம் கொண்டு சென்றது. தென்னிந்தியாவிலும் மலாயாவிலும் கூட அதற்கு வாசகர்கள் இருந்தனர். ஆங்கிலப் புலமை மிக்க அவர், ஆட்சியாளரின் பாராட்டைப் பெறத்தக்க ஆங்கில ஏடொன்றை நடத்தியிருக்க முடியும். குறையைத் திருத்த வேண்டியவர்கள் தம் மக்களே என்பதனால் அவர்களுடைய மொழியிலேயே எழுதினார்.

பத்திரிகை தொடங்கிய சில வாரங்களிலே, 1883 ஜனவரியில், எகிப்தின் தேசியத் தலைவர் ஒராபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்து சேர்ந்தார். இங்குள்ள முஸ்லிம்கள் அவரைப் பெருமதிப்போடு வரவேற்றனர். அந்த மதிப்பைக் கல்வியின்பால் திருப்ப முடியும் எனக் கண்டவர் சித்திலெப்பை. இருவரது நட்பின் பயனாக 1884 இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் சமூகத்தின் ஆதரவு போதியதாக இல்லை. அம்முயற்சி தளர்ந்து போயிற்று. பேச்சிலே உற்சாகமும் செயலிலே சோர்வும் காட்டும் வழக்கம் அன்றும் இருந்தது போலும்.

இத்தகைய தோல்வி மற்றொருவராயின் கசப்பை விளைவித்திருக்கும். தம் மக்கள் தகுதியற்றவர்கள் என்று முடிவு செய்து தொழிலுக்குத் திரும்பியிருக்கலாம். சித்திலெப்பையோ தம் சட்டத் தொழிலைப் படிப்படியாகக் கைவிட்டு, முழுமையாக இப்பணிக்குத் தம்மை அர்ப்பணித்தார். கண்டியிலும் கம்பளையிலும் குருநாகலிலும் பாடசாலைகளை உருவாக்க உழைத்தார். பெண் பிள்ளைகளுக்கென்று கண்டியிலே தனிப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். வீட்டுக்கு வெளியே பெண்களின் கல்வி என்பது நினைத்தும் பார்க்கப்படாத நாளில், அங்கே கற்பிக்கும் பொறுப்பைத் தம் சகோதரியிடமே ஒப்படைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஊரார் பெண்களைப் படிக்கச் சொல்வதற்கு முன்னர் தம் குடும்பத்துப் பெண்ணையே முன்னிறுத்தியவரை நோக்கி, ஊருக்கு உபதேசம் செய்கிறார் என்று எவரும் கூற இயலாது.

பல ஆண்டு உழைப்பின் பயனை 1892 ஆகஸ்ட் 22 இல் கொழும்பு கண்டது. மருதானைப் பள்ளிவாசல் வளவிலே அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. கொழும்பு நூதனசாலை முதலிய பெருங் கட்டடங்களைக் கட்டியெழுப்பிய வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் இதற்குத் தோள் கொடுத்தார். ஒராபி பாஷாவும் உடன் நின்றார். இன்று நாடறிந்த ஸாஹிராக் கல்லூரியின் வித்து அதுவே. மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் வளர முடியும் என்பதைப் பேச்சினால் ஏற்காதவர்கள் கண்ணாற் கண்டு ஏற்றனர்.

இவ்வாறு சிந்தித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். 1880 இல் இலங்கை வந்த ஒல்கொட் பௌத்த பாடசாலை இயக்கத்துக்கு உயிரூட்டினார். வட இந்தியாவிலே ஸேர் செய்யித் அகமத் கான் 1875 இல் அலிகாரிலே கல்விப் பணியைத் தொடங்கினார். ஒவ்வொரு சமூகத்திலும் எழுந்த வினா ஒன்றே: காலத்தோடு செல்வதா, கொள்கையைக் காப்பதா? இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இவர்கள் அனைவரும் தந்த விடையாகும்.

சித்திலெப்பையின் எழுத்துப் பணி தமிழ் வாசகர் அனைவருக்கும் உரிய செல்வம். 1885 இல் அவர் வெளியிட்ட அசன்பே சரித்திரம் இலங்கையிலிருந்து வெளிவந்த முதலாவது தமிழ் நாவல் என மதிக்கப்படுகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 இல் வெளிவந்து ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. எகிப்திலே பிறந்த ஓர் இளைஞனைச் சுற்றி அமைந்த அக்கதை இந்தியாவிலும் எகிப்திலும் நிகழ்கிறது. புகையிரதப் பாதை அட்டனை எட்டியது 1884 இல். நானுஓயாவை எட்டியது 1885 இல். தேயிலைப் பெட்டிகள் மலையிலிருந்து இறங்கத் தொடங்கிய அதே நாட்களிலே, கண்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அறிஞரின் பேனாவிலிருந்து தமிழுக்கு ஒரு புதிய இலக்கிய வடிவம் கிடைத்தது என்பது மலையகத்தார் பெருமைகொள்ளத் தக்க செய்தி.

தம் சமூகத்தைக் கண்டித்து எழுதியவர், அதன் தனித்துவம் கேள்விக்குள்ளானபோது அதன் பக்கமே நின்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1885 இலும் 1888 இலும் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்னும் கருத்தை முன்வைத்தார். முஸ்லிம் நேசன் அதனை மறுத்தெழுதியது. அவ்வாதத்திலே எவர் பக்கம் நியாயம் அதிகம் என்று தீர்ப்புக் கூறுவது இங்கு எம் நோக்கமன்று. அந்த மறுப்பும் தமிழிலேயே எழுதப்பட்டது என்பதையும், அதனை எழுதியவரே தமிழுக்கு நாவல் தந்தவர் என்பதையும் இரு சமூகத்தாரும் நினைவிற் கொள்ளுதல் நன்று. வேறுபட்டு நிற்பதற்குப் பகைமை வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவருடைய பணியின் எல்லையையும் நேர்மையோடு கூறவேண்டும். அவர் கண்ட பாடசாலைகள் பட்டினங்களிலேயே அமைந்தன. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளை அவை எட்டவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கிடைத்தது மிசனரிமார் நடத்திய சிறு பள்ளிகளும் இரவுப் பள்ளிகளுமே. தோட்டப் பிள்ளைகளின் தொடக்கக் கல்வியை வலியுறுத்தும் சட்டம் 1920 இலேயே வந்தது. அத்தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970 களில். எனினும், அரசும் துரைமாரும் செய்யட்டும் எனக் காத்திராமல் தம் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாமே கட்டுவோம் என்று அவர் காட்டிய வழி, லயத்துக்கும் கடைவீதிக்கும் பொதுவானதே.

அவருக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு ஊறு என்று அஞ்சியோர் இருந்தனர். பெண் கல்வியைக் கேலி செய்தோரும் இருந்தனர். அவர்களை அவர் எதிரிகளாகக் கருதவில்லை. பிழைபட எண்ணும் சகோதரர்களாகவே நடத்தினார். மார்க்க அறிவிலே தாம் எவருக்கும் குறைந்தவரல்லர் என்பதைத் தம் எழுத்துகளாலே நிலைநாட்டினார். தொழுகை முறைகளைப் பற்றியும் அறபு இலக்கணம் பற்றியும் நூல்கள் இயற்றினார். 1892 இல் ஞானதீபம் என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1897 இல் வெளிவந்த அஸ்றாறுல் ஆலம் என்னும் மெய்ஞ்ஞான நூல் அவருடைய ஆன்மிக ஈடுபாட்டின் ஆழத்தைக் காட்டும். சீர்திருத்தம் கோருபவர் மார்க்கப் பற்றற்றவர் என்னும் பழிச்சொல் இவர் விடயத்திலே எடுபடவில்லை.

1898 பெப்ரவரி 5 ஆம் திகதி, அறுபது வயது நிறையுமுன்னரே, அவர் இறையடி சேர்ந்தார். சட்டத் தொழிலிலே ஈட்டியதையும் ஈட்டியிருக்கக் கூடியதையும் சமூகத்துக்கே கொடுத்துவிட்டுச் சென்றார். 1977 இல் இலங்கை அரசு அவருக்கு நினைவு முத்திரை வெளியிட்டது. கண்டியிலே அவர் பெயர் தாங்கிய பாடசாலை இயங்கி வருகிறது. மேடைகளிலே அவரைப் புகழாத முஸ்லிம் தலைவர்கள் இல்லை எனலாம்.

இப்புகழ்ச்சியோடு நாம் நின்றுவிட்டால் அவருக்குச் செய்யும் மரியாதை அரைகுறையானதே. முஸ்லிம்களின் விவாகச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1806 இல் ஒரு தொகுப்பு. 1886 இல், சித்திலெப்பை வாழ்ந்த காலத்திலேயே, விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். 1929 இல் இன்னொன்று. 1951 இல் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காலந்தோறும் இச்சட்டம் மாறியே வந்திருக்கிறது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் விவாகப் பதிவிலே மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. பெண்கள் காதி நீதவான்களாவதற்கு இடமளிக்கவுமில்லை. இவற்றை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலே நியமிக்கப்பட்ட குழு, 2018 இல் இரு தரப்பாகப் பிரிந்தே தன் பரிந்துரைகளை முன்வைத்தது.

கருத்து வேறுபடுவது குற்றமன்று. உலமாக்களின் தயக்கத்திலும் பொருள் உண்டு. சிறுபான்மைச் சமூகமொன்றின் தனியார் சட்டத்தைச் சாக்காக்கி, அச்சமூகத்தையே நசுக்க எண்ணுவோர் இந்நாட்டிலே உள்ளனர் என்பதை 2019 உயிர்த்த ஞாயிறு அனர்த்தத்தின் பின்னரான நாட்கள் நன்கு உணர்த்தின. மிசனரிப் பாடசாலையைக் கண்டு அன்றைய பெற்றோர் கொண்ட அச்சத்துக்கு ஒப்பானது இது. ஆயினும் அந்த அச்சத்தைக் காரணங்காட்டி, காதி நீதிமன்ற வாசலிலே தம் துயரைச் சொல்லும் முஸ்லிம் பெண்களை வெளிநாட்டுப் பணத்துக்கு ஆடுபவர்கள் என்றும், மார்க்கத்தின் எதிரிகள் என்றும் தூற்றுவது முறையாகாது. அவர்களிற் பெரும்பாலோர் தொழுபவர்கள், நோன்பு நோற்பவர்கள், நீதியைத் தம் மார்க்கத்தின் பெயராலேயே கேட்பவர்கள். சித்திலெப்பை நின்ற இடமும் அதுவே.

சீர்திருத்தம் கோருவோரும் அவரிடமிருந்து கற்க வேண்டியது உண்டு. சமூகத்தின் அச்சத்தை அவர் மதித்தார். அதை எள்ளி நகையாடவில்லை. தம் வாதத்தை முதலில் தம் மக்களிடம், அவர்களுக்கு விளங்கும் மொழியிலே வைத்தார். கோரிக்கையோடு நில்லாமல் பாடசாலையைக் கட்டிக் காட்டினார். முதல் முயற்சி தளர்ந்தபோது எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து மீண்டும் முயன்றார்.

எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஆலய பரிபாலன சபைகளும், தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைகளும் தம் கூட்டங்களிலே எழுந்து நின்று மாறுபட்ட கருத்துக் கூறுபவரை என்ன செய்கின்றன? அவரை அமரச் செய்கின்றனவா, வெளியேற்றுகின்றனவா, அல்லது அவர் கூறுவதைக் கூட்டக் குறிப்பேட்டிலே பதிந்து ஆராய்கின்றனவா? சித்திலெப்பையின் பெயரால் அடுத்த விழாவுக்குப் பந்தல் போடுமுன்னர், கண்டி முதல் அட்டன் வரையிலும் நுவரெலியா வரையிலும் உள்ள எமது மக்கள் இவ்வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டுமென நாம் விரும்புகிறோம்.